கதவுப் பார்வை

அம்மா காலையில் இரண்டு டப்பா கட்டினாள். நீல மூடி போட்டது சின்னவளுக்கு. சிவப்பு மூடி போட்டது மூத்தவளுக்கு.

நீல டப்பாவுக்குள் ரொட்டி, அவித்த முட்டை, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, தோல் சீவிய ஆப்பிள். எல்லாம் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் இருந்தன. பட்டால் சின்னவள் தொட மாட்டாள். சிவப்பு டப்பாவுக்குள் மிச்சம் இருந்தது.

"பக்கத்துல உக்காந்து பாரு. கடைசி வாய் வரைக்கும் பாரு," என்றாள் அம்மா.

"பாக்கறேன்மா."

"போனை நோண்டிட்டு இருக்காத."

"பாக்கறேன்னு சொன்னேன்ல."

அம்மா மூத்தவளின் இடுப்பைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் கொறச்சுக்கோ. சட்டை பிடிக்குது பாரு."

மூத்தவள் சிவப்பு டப்பாவைப் பைக்குள் வைத்தாள். சட்டை ஏன் பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். செருப்பு மாட்டுகிற சாக்கில் சின்னவள் குனிந்துகொண்டாள்.

சின்னவளுக்கு இருந்த சாப்பிடாத நோய்க்கு மருத்துவர்கள் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அம்மா அதைச் சொல்ல மாட்டாள். 'அவளுக்கு அது' என்பாள். வேலைக்குப் போகலாம், ஆனால் மதியச் சாப்பாட்டின்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். டப்பா காலியாகத் திரும்பும் வரை வேலை. திரும்பாவிட்டால் மறுபடி வார்டு. வீட்டு ஆள் என்றால் மூத்தவள்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா கப்பலில் இருந்தார்.

அப்பா கப்பலிலிருந்து கூப்பிட்டால் முதல் கேள்வி, "சின்னவ சாப்பிட்டாளா?" இரண்டாவது கேள்வி, "என்ன சாப்பிட்டா?" அதற்குள் லைன் போய்விடும்.

சாப்பிடுகிறவளை இந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று மூத்தவள் நினைத்துக்கொள்வாள்.

*

அக்கா தங்கை இருவரும் வேலை பார்த்த இடத்தில் கண் செய்தார்கள். கண்ணை இழந்தவர்களுக்குப் பொருத்துகிற கண். அது பார்க்காது, ஆனால் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நீளமான ஒற்றை அறை. அச்சு எடுப்பவர் ஒரு மூலையில் இருந்தார். காலை முதல் மாலை வரை மேலெல்லாம் வெள்ளைப் பொடி. அதனால் அவருக்கு மாவு அண்ணன் என்று பெயர். அவர் கண்குழியை அச்செடுத்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பார். மூத்தவள் அதைத் தேய்த்து, சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து, ரத்த நாளம்போல ஒட்டி, கடைசியில் மெருகு போடுவாள்.

நடுவில் ஒரு வேலை உண்டு. சின்னக் கறுப்பு வில்லை ஒன்றில் கருவிழி வரைவது. அதுதான் அங்கே வேலை என்று சொல்லத்தக்க வேலை. வரைகிறவருக்கு ஜன்னலோர நாற்காலி. முன்பு அதில் இருந்தவள் கல்யாணமாகிப் போனபோது, நாற்காலி தனக்குத்தான் என்று மூத்தவள் எண்ணியிருந்தாள். பட்டறையிலேயே மூத்த ஆள் அவள். ஒதுக்கிப் போட்ட வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வரைந்து பழகியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். "சும்மா தூசி தட்டட்டும் மேடம். வீட்டுல விட்டா கண்ணாடி முன்னாடியே நிப்பா," என்று முதலாளியம்மாவிடம் கேட்டு அவளை உள்ளே கொண்டுவந்தது மூத்தவள். சின்னவள் தூசி தட்டினாள். ஒரு நாள் ஒரு பெரியவருக்கு எடுத்த போட்டோ நிறம் மாறி வந்துவிட்டது. அவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். முதலாளியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, துணியும் கையுமாக நின்ற சின்னவள் சொன்னாள், "எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். கீழ்ப்பக்கம் ஒரு தேன் கலர்க் கீத்து. அதுக்குப் பக்கத்துல ரெண்டு கீத்து ஒட்டிட்டு இருக்கும்."

வரைந்தாள். பெரியவர் வந்தார். கீற்று இருந்தது, ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் இருந்தன.

அன்று மாலையே சின்னவள் ஜன்னலோரம் வரைய உட்கார்ந்தாள், தூசித்துணி மூத்தவள் பக்கம் வந்துவிட்டது.

அவள் வயிறு எரிந்தது. அது புதிய எரிச்சலும் அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சின்னவளுக்கு ஒரு படம் கொடுத்திருந்தார். கோடும் கட்டமுமாக, எதுவென்று சொல்ல முடியாத படம். பெரிய சாய்சதுரம், அதைக் குறுக்கே வெட்டும் கோடுகள், ஓரத்தில் ஒட்டிய சின்னக் கொடி, ஒரு மூலையில் வளையங்கள். பார்த்து வரையச் சொன்னார். சின்னவள் வளையத்தில் தொடங்கினாள். பிறகு படத்தை எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, மனசிலிருந்து வரையச் சொன்னார். வளையங்கள் வந்தன. கொடி வந்தது, கொடியின் நுனியில் இருந்த வெட்டும் வந்தது. எல்லாம் தாளில் தனித்தனியாக மிதந்தன. சாய்சதுரம் வரவில்லை.

"துண்டு எல்லாம் ஒண்ணு விடாம இருக்கு. அதையெல்லாம் சேத்துப் பிடிக்கிற பெரிய உருவம்தான் வரல," என்றார் டாக்டரம்மா. "இந்த நோய் இருக்கிற எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல முடியாது. சில பேருக்கு இருக்கு. தன் உடம்பையும் இவ இப்படித்தான் பாக்கறாளோ என்னவோ. முழங்கை, தொடை, வயிறுன்னு."

அம்மா அழுதாள். மூத்தவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் வரையட்டுமா டாக்டர்?" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு தாள் கொடுத்தார். மூத்தவள் சாய்சதுரத்தைப் போட்டாள். குறுக்குக் கோடுகளைப் போட்டாள். கொடி எந்தப் பக்கம் என்று மறந்துபோய், குத்துமதிப்பாக ஒட்டினாள்.

"எப்படி டாக்டர்?"

"எல்லாரும் போடற மாதிரிதான்மா."

சின்னவளின் தாள் கோப்புக்குள் போனது. மூத்தவளின் தாளின் பின்பக்கத்தில் அம்மா அடுத்த முறை வரவேண்டிய தேதியை எழுதிக்கொண்டாள்.

*

தையல்காரி ஒருத்தி வந்தாள். தையல் மெஷினின் ஊசி உடைந்து தெறித்து இடது கண் போயிருந்தது. கூடவே புருஷன். வாய் ஓயாத ஆள்.

"நல்லா பெருசாவே வெச்சிடுங்க மேடம். இவளுக்கு என்னைக் கண்காணிக்க ஒரு கண்ணு பத்தல," என்றான்.

"இவர் இப்படித்தான். அழுதுட்டு இருந்தப்பவும் இப்படித்தான்," என்றாள் தையல்காரி. பிறகு முதலாளியம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கடைல மேஜைக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க மேடம். பழகின ஜனந்தான். அளவு சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்காம சுவத்தப் பாத்து சொல்றாங்க. அது நின்னாப் போதும்."

சின்னவள் விளக்கையும் உருப்பெருக்கியையும் இழுத்து, அவளுடைய வலது கண்ணுக்குள் பார்த்தாள். மூச்சு விடுகிறாளா என்று சந்தேகப்படும்படி பார்த்தாள். பிறகு, "போதும்," என்றாள். போட்டோ எடுக்கவில்லை. அவள் வரையும் கண்ணுக்கு இப்போதெல்லாம் யாரும் போட்டோ எடுப்பதில்லை.

முதலாளியம்மா அன்று மத்தியானம் கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னார், "இந்தக் கண்ணு நல்லா வந்துச்சுன்னா அடுத்த மாசத்துலேர்ந்து ஜன்னல் நாற்காலி இவளுக்கே. நிரந்தரமா." மூத்தவளின் தோளைத் தட்டினார். "நீ கூட இருந்து பாத்துக்கோ. உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

பொறுமை. மூத்தவள் நூலைப் பிரித்தாள். நூல் அறுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பின்பக்கத்து அறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். சின்னவள் ரொட்டியைக் கிள்ளினாள். கிள்ளியதை மறுபடி கிள்ளினாள். முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது என்ன உன்னைக் கடிக்கவா போகுது?"

"முட்டை தெரியலக்கா. நீச்சல் குளம் தெரியுது."

"இங்க எங்கடி குளம்?"

"ஸ்கூல் குளம். மஞ்சள் ஓடு, ஒண்ணு விரிசல். என் தொடைல எலாஸ்டிக் பதிஞ்ச கோடு. ஒரு பொண்ணோட ஈர விரல் அதைத் தொட்டுக் காட்டுது. நகத்துல பாதிக்குத்தான் பாலிஷ் இருக்கு." சின்னவள் படிப்பதுபோலச் சொன்னாள். "டப்பாவத் தொறந்தா அந்தக் கோடு வந்து நிக்குது. நான் கூப்பிடலக்கா. அதுவா வருது."

"நானும் இருந்தேனா அன்னைக்கு?"

"இருந்த. நீலத் துண்டு. இடது கைல சோப்பு டப்பா, மூடி இல்லாம."

"முகம்?"

சின்னவள் யோசித்தாள். "முகம் தெரியல."

"எனக்கு அன்னைக்கு ஐஸ் வாங்கித் தந்தாங்க. அதான் ஞாபகம்," என்றாள் மூத்தவள். தங்கையின் மிகக் கெட்ட நினைவில்கூட தான் ஒரு துண்டும் சோப்பு டப்பாவும்தான் என்பது அவளைக் குத்தியது. அதற்கெல்லாமா பொறாமைப்படுவார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். படுவார்கள் போலிருந்தது.

சின்னவள் நீல டப்பாவை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள். தினமும் நடப்பதுதான். முதல் நாள் அழுதாள், கெஞ்சினாள். இரண்டு உருண்டை உருளைக்கிழங்கு, அவ்வளவுதானே என்று மூத்தவள் வாங்கிக்கொண்டாள். சின்னவள் வார்டுக்குத் திரும்பிப் போனால் அம்மாவும் ஆஸ்பத்திரியே கதி என்று போய்விடுவாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அம்மா அந்த டப்பாவில் வெண்ணெயை அளந்து போட்டிருந்தாள். ஆப்பிளின் தோலை விடாமல் சீவியிருந்தாள். மூத்தவளுக்கு யாரும் ஆப்பிள் சீவியதில்லை.

முட்டையை இரண்டே வாயில் முடித்தாள். ஆப்பிளை மட்டும் மெதுவாகத் தின்றாள்.

*

தையல்காரி இரண்டாம் முறை வந்த அன்று முதலாளியம்மா இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆர்டர் பேசப் போயிருந்தார். போகும்போது மூத்தவளிடம், "கதவுப் பார்வை நீ பாத்துடு. நீ சரின்னா மூடிடச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது பட்டறையின் வழக்கம். வரைந்த வில்லைக்கு மேல் தெளிவான மூடி ஊற்றி அழுத்திவிட்டால் பிறகு ஒன்றும் திருத்த முடியாது. அதனால் மூடுவதற்கு முன்பு, வில்லையை அந்த ஆளின் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கதவருகே போய் நின்று பார்க்க வேண்டும். "யாரும் அடுத்தவங்க கண்ணுக்குள்ள மூக்க விட்டுப் பாக்கறதில்ல. பேசற தூரத்துல நின்னுதான் பாப்பாங்க," என்பார் முதலாளியம்மா. பார்த்தவர் சரி என்றால் சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். வரைகிறவர்களும் அவ்வப்போது எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்வார்கள். சின்னவள் ஒரு நாளும் எழுந்ததில்லை. எழுந்தால் கண் கலைந்துவிடும் என்பாள்.

தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சின்னவள் வில்லையை, அதில் ஒட்டியிருந்த சின்னக் காம்பைப் பிடித்து, நல்ல கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மூத்தவள் முதலில் கிட்டப்போய்ப் பார்த்தாள்.  பழுப்பு இழைகள், அவற்றுக்கு நடுவே பச்சை ஓடிய இழைகள், ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு பொட்டு. எது வரைந்தது, எது பிறந்தது என்று தெரியவில்லை.

நடந்து கதவருகே போய்த் திரும்பி நின்றாள்.

அங்கிருந்து வேறு மாதிரி இருந்தது. நல்ல கண் ஒரே இருட்டுப் பழுப்பாக, வெள்ளையில் ஓரம் கரைந்து, மெத்தென்று இருந்தது. வரைந்த கண் வெளிறிப்போய், ஈய வட்டமாக இருந்தது. ஓரம் கத்தரித்த மாதிரி. சின்னவள் ஒவ்வோர் இழையையும் அதனதன் நிறத்தில் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் இருட்டை அடியில் பூசாமல் விட்டிருந்தாள். முன்பும் இந்தக் குறை அவளிடம் உண்டு. ஆனால் அதுவரை அவளுக்கு வந்த வெளிர் பழுப்புக் கண்களில் அது தெரியவில்லை. இந்த இருட்டுப் பழுப்புக் கண்ணில் முதல் தடவையாக முழுசாகத் தெரிந்தது.

இரண்டு நாள் வேலை. ஒரு பூச்சு பூசி, இழைகளைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். மூத்தவளால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா?"

மூத்தவள் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். அதன் முதுகில் சின்னவளின் கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் காலத்திலும் அவளுக்குக் குளிரும். அம்மா பின்னிக் கொடுத்தது.

"சரி," என்றாள் மூத்தவள். "மூடிடலாம்."

*

பொருத்துகிற அன்று பட்டறையே கூடி நின்றது. தையல்காரி கைக்கண்ணாடியை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தாள். முதலாளியம்மா குனிந்து, உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்.

"அந்தத் துருப்பொட்டு கூட இருக்கே," என்றார். "பொண்ணா நீ, பேயா?"

"பேய்க்குக் கொஞ்சம் சதை போடச் சொல்லுங்க மேடம்," என்றார் மாவு அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். மூத்தவள் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

புருஷன் வெளியே வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தான். கதவைத் திறந்தான்.

"ஏய், யாரடி மொறைக்கிற? நான் வண்டிய நிழல்லதான் விட்டேன்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் மெல்ல மாறியது. அவன் கண் அவளை விட்டு நழுவிச் சுவரில் போய் நின்றது. அரை நொடி இருக்கும். தையல்காரி அதைப் பார்த்துவிட்டாள். பார்ப்பதற்குத்தான் அவளுக்கு இன்னும் ஒரு கண் இருந்ததே.

கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா நிமிர்ந்தார். அவனருகே கதவடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கதவுலேர்ந்து பாத்தது யாரு?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். 

"யாரும் பாக்கல மேடம்," என்றாள் சின்னவள். "அக்கா பாக்கறேன்னு சொன்னா. நான்தான் வேணாம், எனக்குத் தெரியும்னுட்டு மூடிட்டேன்."

கதவுப் பார்வை நடந்த அன்று மாவு அண்ணன் அச்சுப் பொடி வாங்க வெளியே போயிருந்தார். அது பொய் என்று சொல்ல அறையில் ஒருத்திதான் இருந்தாள். தையல்காரிக்கு அன்று யார் எங்கே நின்றார்கள் என்பது நினைவிருக்க நியாயமில்லை. அவள் குனிந்திருந்தாள்.

முதலாளியம்மா தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு செய்து தருவதாகச் சொன்னார். அவர்கள் போன பிறகு சின்னவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இத நீ வரை," என்றார் மூத்தவளிடம். "நாளைலேர்ந்து நீயே உக்காரு அங்க."

சின்னவள் தன் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டாள்.

*

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கை மேல் விழுந்தது. எத்தனை நாள் ஆசை. வில்லையை எடுத்து, அடிப்பூச்சைக் கலந்தாள். இருட்டுப் பழுப்பு சரியாக வந்தது. அதன் மேல் இழை போட வேண்டும். எந்த இழை எங்கே? கண்ணை மூடினாள். தையல்காரியின் முகம் தெரிந்தது, அவள் மடியில் கவிழ்ந்த கண்ணாடி தெரிந்தது. கண் தெரியவில்லை. போட்டோவும் இல்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. பெட்டிகளுக்கு நடுவே சின்னவள் நீல டப்பாவைத் திறக்காமலே அவள் பக்கம் தள்ளினாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"எந்தப் பொய்?"

"நான் பாக்கலன்னு."

சின்னவள் தன் முழங்கையை மற்றக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். எப்போதும் செய்வது. "நீ பாத்த. கதவுகிட்ட போய்த் திரும்பி நின்ன. வலது கால் செருப்பு வாசப்படி மேல பாதி. அப்புறம் உன் கை மோவாய்க்கு, நாடிக்குப் போச்சு. தப்பு தெரிஞ்சா உன் கை நாடிக்குத்தான் போகும். மாவு அண்ணன் அச்சு கோணலா எடுத்தா போகும். அம்மா பொடவைல கறை இருந்தா போகும். அன்னைக்கு உன் கை கீழ எறங்க நேரமாச்சு. அப்புறம் சரின்ன."

மூத்தவள் தன் கையைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள். இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையை, செருப்பை, நாடியை. ஒன்று விடாமல்.

"தெரிஞ்சுமா மூட விட்ட?"

"எங்க தப்புன்னு எனக்குத் தெரியல. பக்கத்துல எல்லாம் சரியா இருந்துச்சு. நீ சரின்னு சொன்ன. நாடி வேற சொல்லிச்சு. நான் வாயை நம்பினேன்."

"அப்ப மேடம்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ டப்பா விஷயத்த சொல்லிடுவ." சின்னவள் நிதானமாகச் சொன்னாள். "நாற்காலி போனாப் போகுது. நீ இதைச் சாப்பிட்டுடு. நான் அதைச் சொல்லல. சரிதான?"

பாசத்தால் செய்தாள் என்றுதான் மூத்தவள் பயந்திருந்தாள். அதைத் தாங்க முடியாது என்று நினைத்தாள். இது அதைவிட மோசமாக இருந்தது. தங்கைக்கு நாற்காலியை விடவும், அவமானத்தை விடவும், அக்காவின் துரோகத்தை விடவும் பெரிதாக ஒன்று இருந்தது. அது இந்த நீல மூடிக்குள் இருந்தது. அதோடு யாரும் போட்டி போட முடியாது.

டப்பாவைத் திறந்தாள். வெண்ணெய் உருகிப் பளபளத்தது. ஆப்பிள் துண்டுகள் கறுக்காமல் இருக்க அம்மா எலுமிச்சை தடவியிருந்தாள். மூத்தவளுக்குப் பசித்தது. மூடியை அழுத்தி மூடினாள்.

"சாப்பிடுக்கா."

"மாட்டேன்."

"அப்ப நான் போய்ச் சொல்லிடுவேன்."

"நீ உக்காரு. நானே போறேன்."

முதலாளியம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் நின்றபடியே சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. கதவிலிருந்து பார்த்தேன், வெளிறித் தெரிந்தது, சரி என்று சொன்னேன். அவ்வளவுதான்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்?"

"நாற்காலி வேணும்னு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

முதலாளியம்மா யோசித்தார். "இல்ல," என்றார். பொய் சொல்லாத ஆள். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தம்மா அழுதுட்டுப் போச்சு. அதுக்கு நான் உன்னை வெளிய அனுப்பணும். கண்ணு முடியற வரைக்கும் இரு, பாக்கறேன். போய் மெருகப் பாரு. அவளத் திரும்ப வரையச் சொல்லு. கதவுல இனிமே நானே நின்னுக்கறேன்."

மூத்தவள் திரும்பி வந்து தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை சின்னவள் வில்லையை விட்டு நிமிரவில்லை. ஜன்னலோரம் தூரிகை நகரும் சத்தம் மட்டும் கேட்டது. இழைகளை அவள் மனசிலிருந்து திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள், மூத்தவள் கலக்கி வைத்த இருட்டின் மேல். அப்போதும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

*

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் நீல டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தாள். அம்மா தூக்கிப் பார்த்தாள். கனத்தது. திறந்தாள். காலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"இன்னைக்கு மட்டுமா?"

"தினமும்மா," என்றாள் மூத்தவள். "நான்தான் சாப்பிட்டேன்."

அம்மா கையை ஓங்கினாள். ஓர் எட்டு எடுத்து வைத்ததும் முழங்கால் வலித்து, கை பாதியில் நின்றுவிட்டது. "தின்னியா? அவளோடத? உனக்கு நான் என்னடி கொறை வெச்சேன்?"

மூத்தவள் சொல்ல நினைத்தாள். எலுமிச்சை, என்று. சொல்லவில்லை.

"காட்டிக் குடுத்துட்டல்ல," என்றாள் சின்னவள் மேஜையிலிருந்து. குரலில் விஷம் இருந்தது. "சந்தோஷமா? வார்டுக்குப் போறேன். அம்மா முழுசா உனக்குத்தான்."

"அம்மா உன் கூட வார்டுக்கு வந்துடுவா. எனக்கு டப்பா கூட இருக்காது."

சின்னவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போய்விட்டது.

அம்மா வேறு தட்டு எடுத்தாள். ரொட்டியைச் சூடாக்கினாள். தட்டை மேஜையில் வைத்து, சின்னவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல அவளையே பார்த்தாள். ஒரு கையால் போனில் டாக்டரம்மாவின் எண்ணைத் தேடினாள். மூத்தவள் பக்கம் ஒரு தட்டும் வரவில்லை.

இனி காவல் வேலை அவளுக்கு இல்லை. அவள் போகலாம். சமையலறைக் கதவு வரை போனாள். பழக்க தோஷத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கிள்ளிய ரொட்டியைப் பார்த்திருக்கிறாள், தூரிகை பிடித்த விரலைப் பார்த்திருக்கிறாள், கம்பளிச் சட்டையைப் பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் பொறாமையோடு எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு தள்ளி நின்று பார்த்ததில்லை. மேஜைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை உட்கார்ந்திருந்தது. உள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. கழுத்து ஒரு காம்புபோல மேலே வந்து தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது.

மூத்தவளின் கை நாடிக்குப் போனது.

சின்னவள் அதைப் பார்த்தாள். தட்டை விட்டுவிட்டு, அந்தக் கையையே பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

அம்மா போனைக் காதில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரியில்ல," என்றாள் மூத்தவள்.